கொளு இழந்த முகங்கள்: புதுவை ஆலைநகர ஒளிப்படங்கள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, நாட்குறிப்பு, அரசு ஆவணம் ஆகியவற்றைச் சான்றாகக் கொள்வது மரபு. புதுவைக்கு இத்தகைய சான்றுகளுக்குக் குறைவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பு ஒன்றே பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுவையை நம் கண்முன் நிறுத்தப் போதுமானது. ஆயின், இருபதாம் நூற்றாண்டில் இந்நகரின் ஆலைகளில் உழைத்தும், அவ்வுழைப்பைச் சார்ந்து கடைவைத்தும், கடல் கடந்து பொருளீட்டியும் வாழ்ந்த எளிய மக்கள் நாட்குறிப்பு எழுதினாரல்லர். அவர்கள் விட்டுச் சென்ற சான்றுகளுள் பெரும்பகுதி ஒளிப்படங்களே. அவற்றுள் மிகப்பல ஆவணக் காப்பகங்களைச் சென்றடையவில்லை. நம் வீட்டுத் தகரப்பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன.

இப்படங்களை வரலாற்றுச் சான்றாகப் படிப்பது எங்ஙனம்? அவ்வாறு படிப்பதற்கு இன்றியமையாது வேண்டுவது யாது? இவ்விரு வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகின்றது. தமிழ்த்துறை மலரில் ஒளிப்படத்திற்கு என்ன இடம் என மாணவர் சிலர் வினவக்கூடும். மூலத்தையும் உரையையும் ஒப்பவைத்து ஆராயப் பழகிய தமிழ் மாணவர்க்கே இப்பணி பெரிதும் உரியது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதி விளக்கும்.

புதுவை என்னும் ஆலைநகர்

புதுவை என்றவுடன் வெளியூரார் நினைவில் தோன்றுவன கடற்கரைச் சாலையும், பிரெஞ்சுக்காரர் கட்டிய மாளிகைகளும், ஆசிரமமுமே. ஆயின் தலைமுறை தலைமுறையாக இந்நகரத்தார்க்குப் பொழுதை அறிவித்தது ஆலைச் சங்கு. சங்கு ஊதினால் அடுப்பில் உலை ஏறும். மறுமுறை ஊதினால் சோற்றுத்தூக்குடன் பிள்ளைகள் ஆலை வாயிலுக்கு ஓடுவர்.

துணி இந்நகருக்குப் புதிதன்று. ‘கினே’ எனப்பட்ட நீலத்துணி புதுவையிலிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் பகுதிக்குச் சென்றது. அங்கே கருவேலம்பிசினுக்கு மாற்றாக அது பண்டமாற்றுச் செய்யப்பட்டது. கைத்தறியும் சாயத்தொட்டியும் வளர்த்த அத்தொழிலின் மேல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எந்திர ஆலைகள் எழுந்தன. சவானா, கெப்ளே, ரோடியர் என மக்கள் வழங்கிய மூன்று பஞ்சாலைகள் நகரின் உயிர்நாடியாயின. 1898இல் தோன்றிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையே ரோடியர் ஆலை ஆகும். பிற்காலத்தார் அதனை ஏ.எஃப்.டி. என்பர். சவானா ஆலை பின்னர்ச் சுதேசி ஆலையாகவும், கெப்ளே ஆலை பாரதி ஆலையாகவும் பெயர் மாறின.

இவ்வாலைகளின் வரலாற்றில் மறக்கவொண்ணாத நாள் 1936 ஜூலை 30. வேலைநேரக் குறைப்பும் சங்கம் அமைக்கும் உரிமையும் வேண்டிப் போராடிய தொழிலாளர்மீது துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது, பன்னிருவர் உயிர்நீத்தனர். வ. சுப்பையா போன்றோர் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக 1937 ஏப்ரல் 6ஆம் நாள் பிரெஞ்சு அரசு தொழிலாளர் உரிமைகளை ஏற்கும் ஆணையைப் பிறப்பித்தது. எட்டுமணி நேர வேலை என்னும் பேறு புதுவைத் தொழிலாளர்க்குக் கிட்டியது இவ்வழியேயாம்.

அவ்வாலைகள் இன்று இயங்கவில்லை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய ‘தானே’ புயல் ஏற்கெனவே நலிந்திருந்த ஏ.எஃப்.டி. ஆலைக்குப் பெருஞ்சேதம் விளைத்தது. 2020ஆம் ஆண்டில் அவ்வாலையும், அதே ஆண்டில் சுதேசி, பாரதி ஆலைகளும் மூடப்பட்டன. சங்கொலியைக் கேட்டு வளர்ந்தோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டிய பணி ஒன்றுண்டு என்பதே இக்கட்டுரையின் உள்ளக்கிடக்கை.

ஒளிப்படமும் ஆலையும்

ஒளியைத் தகட்டில் பதிக்கும் கலை 1839இல் பாரீசு நகரில் உலகறிய அறிவிக்கப்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அது இந்தியா வந்தடைந்தது. 1856இல் சென்னையில் ஒளிப்படக் கழகம் ஒன்று தோன்றியது. தொடக்கத்தில் துரைமார்க்கும் செல்வர்க்குமே எட்டிய இக்கலை எளியோர் இல்லம் புகுந்தமைக்குக் காரணம் ஆலைத்தொழிலேயாம். வெள்ளி உப்புப் பூசிய உலர்தகடுகள் ஆலைகளில் பேரளவில் உற்பத்தியாகத் தொடங்கிய பின்னரே சிறுநகரங்களில் ஸ்டுடியோக்கள் பெருகின.

இத்தொடர்பைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று ஈண்டு நினைவுகூரத் தக்கது. திரைப்படத்தின் முன்னோடிகளான லூமியேர் உடன்பிறப்பினர் பிரான்சின் லியோன் நகரில் ஒளிப்படத் தகடு செய்யும் ஆலையை நடத்தியவர்கள். 1895இல் அவர்கள் எடுத்த முதற்படங்களுள் ஒன்று, தம் ஆலையின் வாயிலைவிட்டுத் தொழிலாளர் வெளியேறும் காட்சி. ஒரு மணித்துளிக்கும் குறைவாக ஓடும் அப்படத்தில் பெண்களும் ஆண்களும் சிரித்தபடி வெளிவருகின்றனர். படத்தை எடுத்தவர் பெயரை உலகம் அறியும். நடந்து வருவோர் பெயர் எதுவும் அப்படத்தில் இல்லை.

புதுவைப் படங்களின் நால்வகை

எம் ஊரில் யாம் காண நேர்ந்த பழைய படங்களை நான்கு வகையாகப் பகுக்கலாம். முதலாவது அஞ்சலட்டைப் படம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சிலுள்ள உறவினர்க்கு அனுப்புதற்பொருட்டு இங்குள்ள ஐரோப்பியர் வாங்கியவை இவை. துறைமுகப் பாலம், அரசு மாளிகை, கோயில் தேர், ஆள் தள்ளிச் செல்லும் ‘புஷ்புஷ்’ வண்டி முதலியன இவற்றில் இடம்பெற்றன. மனிதர் இடம்பெறும்போது அவர்தம் பெயர் எழுதப்படுவதில்லை. தொழிலோ சாதியோ மட்டும் பிரெஞ்சு மொழியில் அச்சாகியிருக்கும். வண்டி தள்ளுபவன், நீர் சுமக்கும் பெண், நெசவாளி என்றவாறு. அங்கே மனிதன் ஒரு வகையின் மாதிரி. தனி ஆள் அல்லன்.

இரண்டாவது ஸ்டுடியோப் படம். இங்கே நிலைமை நேர்மாறானது. படம் எடுத்துக்கொள்பவரே காசு கொடுப்பவர். வரைந்த திரைச்சீலையில் மாடிப்படியும் பூங்காவும் தெரியும். அருகே முக்காலியில் பூச்சாடியோ புத்தகமோ வானொலிப் பெட்டியோ வீற்றிருக்கும். ஸ்டுடியோக்காரர் தரும் கோட்டினை அணிந்து, கைக்கடிகாரம் தெரியுமாறு கையை மடியில் வைத்து, ஆலைத் தொழிலாளி நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருப்பார். இதனைப் பொய்த்தோற்றம் எனத் தள்ளுதல் கூடாது. அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை இப்படம் முழுமையாகக் காட்டாது. எவ்வாறு மதிக்கப்பட விழைந்தார் என்பதை ஐயமின்றிக் காட்டும். வரலாற்றுக்கு அவ்விழைவும் ஒரு சான்றேயாகும்.

மூன்றாவது குழுப்படம். பணி ஓய்வு, மேலாளர் பிரிவு உபசாரம், ஆயுதபூசை, சங்க ஆண்டு விழா, காற்பந்துக் குழுவின் வெற்றி ஆகியன இத்தகைய படங்களுக்கு ஏதுவாயின. இதனைப் பின்னர் விரித்துரைப்போம்.

நான்காவது அடையாளப் படம். கடவுச்சீட்டு, ஓய்வூதியப் புத்தகம், குடியுரிமைச் சான்று ஆகியவற்றிற்காக எடுத்த சிறுபடம் இது. புதுவை, காரைக்கால் முஸ்லிம்களுள் பலர் வணிகத்தின்பொருட்டுச் சைகோன் முதலிய இந்தோசீன நகரங்களுக்குச் சென்றனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் சைகோனில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அந்நகரின் நடுவே நிற்கின்றது. அப்பயணங்கள் இல்லையேல் நம் முன்னோர் பலருக்கு ஒளிப்படமே இருந்திராது.

நம் சமுதாயமும் ஒளிப்படமும்

இவ்விடத்தில் நம் சமுதாயத்திற்கே உரிய செய்தி ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். உயிருள்ளவற்றின் உருவம் வரைதல் விலக்கப்பட்டது என்னும் கருத்தால் நம் பெரியோர் பலர் ஒளிப்படத்தையும் ஐயத்துடனேயே நோக்கினர். எடுத்த படத்தைச் சுவரில் மாட்டாது பெட்டியினுள் வைத்தனர். மார்க்க அறிஞரிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் தலைமை முஃப்தியாக விளங்கிய முகம்மது பகீத் அல்முதீயி, ஒளிப்படம் என்பது புதிதாக ஓர் உருவைப் படைப்பதன்று, நிழலைத் தேக்கி நிறுத்துவதே எனக் கொண்டு அதனை ஆகுமானது என்றார். தமிழில் ‘நிழற்படம்’ என்னும் சொல் வழங்குதல் இக்கருத்துடன் பொருந்தி நிற்பது வியப்பிற்குரியது. இதனை ஏலாத அறிஞரும் உளர். அவ்விவாதத்தைத் தீர்த்துவைத்தல் இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்காது. அதன் விளைவே இங்கு நோக்கத்தக்கது. நம் குடும்பங்களில் படங்கள் குறைவு. பெண்களின் படங்கள் அதனினும் குறைவு. நிக்காஹ் விழாக் குழுப்படங்களில் மாப்பிள்ளை உண்டு, இருதரத்துப் பெரியோரும் உண்டு; மணமகள் இல்லை. எம் பாட்டியாரின் முகத்தை எம் பிள்ளைகள் அறிவது, அவர் ஹஜ் பயணத்திற்காக எடுத்துக்கொண்ட ஒரே சிறுபடத்தின் வாயிலாகவேயாம். ஆகவே, எஞ்சியுள்ள ஒவ்வொரு படமும் நமக்கு மிகவும் அரியது.

குழுப்படத்தைப் படிக்கும் முறை

ஆலைக் குழுப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு வரிசைகள். நடுவரிசையில் நாற்காலிகள், அவற்றின் மையத்தில் மாலையணிந்த ஒருவர். அவர் ஓய்வுபெறும் மேஸ்திரியாகலாம், அல்லது விடைபெறும் ஐரோப்பிய மேலாளர் ஆகலாம். அவருக்கு இருபுறமும் எழுத்தர், கணக்கர், பகுதித் தலைவர். பின்னால் நிற்போர் தொழிலாளர். அவர்க்கும் பின்னே பலகைமீது ஏறி நிற்போர் இளைய தொழிலாளர். முன்வரிசையில் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தோர் ஏவலரும் சிறுவரும். ஆக, ஆலையின் அதிகார அடுக்கு முழுவதும் ஒரு சட்டத்தினுள் அடங்கிவிடுகின்றது.

அடுத்து உடையை நோக்க வேண்டும். யார் காலணி அணிந்துள்ளார்? யார் வெறுங்காலுடன் நிற்கின்றார்? தொப்பி, தலைப்பாகை, துருக்கிக் குல்லாய் ஆகியவை எவ்வெவர் தலையில் உள்ளன? ஒரே வரிசையில் திருநீற்று நெற்றியும் சிலுவைப் பதக்கமும் குல்லாயும் தோளொட்டி நிற்பதைக் காணும்போது, வேறு வேறு தெருக்களில் வாழ்ந்தோர் ஒரே தறிக்கூடத்தில் நின்றனர் என்பது புலனாகும். முல்லா வீதியிலிருந்தும் முதலியார்பேட்டையிலிருந்தும் புறப்பட்டோர் ஒரே சங்கொலிக்கு விரைந்தனர். இதனை நூல்கள் ஒரு தொடரில் கூறிக் கடந்துவிடும். படமோ அதனை முகங்களால் மெய்ப்பிக்கும்.

மூன்றாவதாகப் பின்புலத்தை நோக்குக. சுவர், வாயில், எந்திரத்தின் ஒரு பகுதி, நிழலின் சாய்வு ஆகியவை இடத்தையும் பொழுதையும் உணர்த்தும். படத்தை ஒட்டிய அட்டையின் அடியில் ஸ்டுடியோவின் முத்திரையும் ஆண்டும் சில வேளைகளில் இருக்கும்.

இறுதியாக, படத்தில் இல்லாதோரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்கால ஆலைகளில் பெண்களும் சிறுவரும் வேலை செய்தனர் என்பது வரலாறு. ஆயின் யாம் கண்ட குழுப்படங்களில் பெண் தொழிலாளர் மிக அரியர். நாட்கூலிகளும் துப்புரவுப் பணியாளரும் பெரும்பாலும் சட்டத்திற்கு வெளியே நின்றவர்களே. அழைக்கப்படாதோர் படத்தில் இல்லை. இதனை உணராது ‘ஆலைத் தொழிலாளர் இவர்களே’ என முடிவு கட்டுதல் பெரும்பிழையாகும்.

எம் இல்லத்துப் படம்

எம் பாட்டனார் ஆலை ஒன்றில் தறிப்பகுதியில் பணியாற்றியவர். அவர் நிற்கும் குழுப்படம் ஒன்று எம் இல்லத்தில் உள்ளது. மொத்தம் 27 பேர். யாம் சிறுவராயிருந்தபோது எம் தந்தையார் அதனைக் காட்டி, “இதோ உன் தாத்தா” என்பார். யாமும் பாட்டனாரை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடுவோம். மற்ற 26 பேர் யாவர் எனக் கேட்கத் தோன்றியதில்லை.

இத்தகைய படங்கள் எம்மிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ‘தானே’ புயலின்போது கூரை ஓடுகள் பறந்து, பரணில் மழைநீர் இறங்கியது. இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிக் கிடந்தன. பெட்டியைக் கீழே இறக்கி வைக்க வேண்டும் எனப் பல ஆண்டு எண்ணியிருந்தும் செய்யாதது எம் குறையே. சுவரில் மாட்டப்பட்டிருந்த காரணத்தால் இவ்வொரு குழுப்படம் தப்பியது.

அதன்பின்னரே எமக்கு அச்சம் பிறந்தது. முதலியார்பேட்டையில் வாழ்ந்த, எம் பாட்டனாருடன் பணியாற்றிய முதியவர் ஒருவரை நாடிச் சென்றோம். அவர்க்கு அப்போது எண்பதைக் கடந்த அகவை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். முகங்கள் மங்கியிருந்தன. ஒருவரைச் சுட்டி யாம் வினவியபோது அவர் கூறிய விடை எம் நெஞ்சைவிட்டு நீங்காதது.

“முகத்த விடுங்க தம்பி, கையப் பாருங்க. நடுவிரல் பாதிதான் இருக்கும். கார்டிங்ல போச்சு. அந்தக் கையோடதான் பதினஞ்சு வருசம் வேலை பாத்தான்.”

பெயரையும் ஊரையும் அவர் கூறினார். யாம் உருப்பெருக்கியால் நோக்கினோம். மடித்த கையில் விரல் ஒன்று குறைந்திருந்தது. அத்தனை ஆண்டுகள் அப்படம் எம் வீட்டுச் சுவரில் தொங்கியும் அதனை யாம் கண்டதில்லை. படத்தில் இருந்ததுதான், அதனைக் காண்பதற்கு ஒருவர் சொல் தேவைப்பட்டது.

அன்று மாலைக்குள் 16 பேரின் பெயர்களை அவர் சொல்ல, யாம் எழுதிக்கொண்டோம். களைப்புற்றார். “மீதிய அடுத்த வாரம் சொல்றேன், வாங்க” என்றார். அடுத்த வாரம் தேர்வுப் பணி. அதற்கடுத்த வாரம் விடைத்தாள் திருத்தம். மூன்றாம் வாரம் யாம் சென்றபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. எஞ்சிய 11 பேர் இன்றளவும் பெயரின்றியே நிற்கின்றனர்.

கொளுவும் இஸ்னாதும்

தமிழ் மாணவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் ஆகியவற்றைக் கூறும் குறிப்பு உண்டு. அதனைக் கொளு என்கின்றோம். உ. வே. சாமிநாதையர் 1894இல் அந்நூலைப் பதிப்பித்தபோது, பாடலோடு கொளுவையும் காத்துத் தந்தமையாலன்றோ இம்மன்னன் இன்னான், இப்புலவர் இன்னார் என நாம் வரலாறு பேச முடிகின்றது? ஏடு சிதைந்தமையால் கொளு முழுமையாகக் கிடைக்காத பாடல்களும் அந்நூலில் உண்டு. பாடல் இனிக்கும், பாடப்பட்டவன் யார் என்பது தெரியாது. குறுந்தொகையில் பெயர் மறைந்த புலவர்க்கு அவர்தம் பாடலில் வரும் தொடரையே பெயராக்கி, செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்றெல்லாம் வழங்கினர். பெயரில்லாமல் விடுவதற்குத் தமிழ் மரபு இசையவில்லை என்பதற்கு இது சான்று. விரல் குறைந்த அத்தொழிலாளியை முதியவர் கையால் அடையாளம் காட்டியதும் அத்தகையதே.

நம் சமுதாய மாணவர்க்கு மற்றொரு மரபும் தெரிந்ததே. நபிமொழி ஒன்றைக் கூறும்போது செய்தியை மட்டும் கூறுதல் போதாது. இதனை இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாதும் உடன்வர வேண்டும். அத்தொடரில் உள்ளோரின் நினைவாற்றலும் நேர்மையும் ஆராயப்படும். ஒளிப்படத்திற்கும் இம்முறை பொருந்தும். ‘இவர் இன்னார்’ என்பது மட்டும் குறிப்பாகாது. ‘இவர் இன்னார் என்பதை இன்ன நாளில் இன்னார் கூறக் கேட்டோம், கூறியவர் இவருடன் இன்ன பகுதியில் பணியாற்றியவர்’ என்பதே முழுக்குறிப்பு.

இதன் இன்றியமையாமையை மேலைநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று விளக்கும். அமெரிக்காவின் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவரை 1908 முதல் படம் எடுத்தவர் லூயிஸ் ஹைன். ஆலை முதலாளிகள் அறியாவண்ணம் சட்டைப்பையினுள் குறிப்பேட்டை மறைத்து, சிறுவரின் பெயர், அகவை, ஊர் ஆகியவற்றை எழுதினார். தம் மேற்சட்டையின் பொத்தான்களை அளவுகோலாகக் கொண்டு அவர்தம் உயரத்தைக் கணித்தார். 5,000க்கு மேற்பட்ட அப்படங்கள் இன்று அந்நாட்டுக் காங்கிரசு நூலகத்தில் உள்ளன. குழந்தைத் தொழிலை ஒழிக்கும் இயக்கத்திற்கு அவை பேருதவி புரிந்தன. அவற்றுள் 1910இல் வெர்மான்ட் மாநிலத்துப் பஞ்சாலையில் எடுத்த சிறுமியின் படம் புகழ்பெற்றது. 1998இல் அது அஞ்சல்தலையிலும் இடம்பெற்றது. ஆயின் அவள் பெயர் நெடுங்காலம் ஆடி லேர்டு எனப் பிழையாகவே வழங்கியது. பின்வந்த ஆய்வாளர் பழைய பதிவேடுகளைத் துருவி, அவள் ஆடி கார்டு எனக் கண்டறிந்தனர். பிழையானதேனும் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தமையாலேயே மெய்ப்பெயரைத் தேடிச் செல்லும் வழி கிடைத்தது.

நம் நகரிலும் ஒளிப்படப் பாதுகாப்பிற்கு நல்ல முன்மாதிரிகள் உள்ளன. 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்து, ஒன்றரை இலக்கத்திற்கு மேற்பட்ட படங்களைத் தொகுத்துள்ளது. அண்மைக் காலத்தில் அந்நிறுவன ஆய்வாளர்கள் பிரித்தானிய நூலகத்தின் துணையுடன் தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் திரட்டி எண்ணிம வடிவில் காக்கும் பணியிலும் ஈடுபட்டனர். ஆயினும் எந்நிறுவனமும் எல்லா இல்லங்களின் பெட்டிகளையும் திறந்துவிட இயலாது. அது அவ்வவ் இல்லத்தார் கடமை.

மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பரில் பெருமழையில் இடிந்து விழுந்ததை நாம் அறிவோம். அது பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பெற்றது. தூணும் வளைவும் எவ்வாறிருந்தன என்பதைப் படமும் வரைபடமும் கூறின. இடிந்த கட்டடத்தைப் படத்தைக் கொண்டு மீட்கலாம். மறைந்த மனிதரின் பெயரைப் படத்தைக் கொண்டு மட்டும் மீட்க இயலாது. அறிந்தவர் ஒருவர் உயிருடன் இருத்தல் வேண்டும்.

மாணவர் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் மாணவர் மேற்கொள்ளத்தக்க முறைகள் சில பெறப்படும்.

ஒன்று, படத்தைக் காத்தல். கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் கறையானும் படத்திற்குப் பகை. பெட்டியைப் பரணிலும் தரையிலும் வைக்காது, உலர்ந்த அலமாரியின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். நெகிழி உறை ஒட்டிச் சூடேற்றும் ‘லேமினேஷன்’ செய்தல் கூடாது. சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்க முயலாது, கண்ணாடியோடு அவ்வாறே படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு, படியெடுத்தல். இருபுறமும் படியெடுக்க வேண்டும். பின்புறத்து எழுத்து, முத்திரை, தேதி ஆகியவையும் சான்றே. இக்காலத்தில் கணினிச் செயலிகள் பழைய படத்திற்கு வண்ணம் ஏற்றுகின்றன. மங்கிய முகத்தைத் தெளிவாக்கியும் தருகின்றன. அத்தெளிவு செயலியின் ஊகமேயன்றிப் பாட்டனாரின் முகமன்று. இடைச்செருகலை மூலமெனக் கொள்ளாத தமிழ் மாணவர், திருத்திய படத்தையும் மூலப்படத்தையும் வேறுபடுத்தி வைத்தல் வேண்டும்.

மூன்று, கேட்டல். முதியோரிடம் படத்தைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருத்தல் நன்று. “இவர் யார்?” என வினாவை அடுக்குவதினும், அவர் விரும்பும் முகத்திலிருந்து தொடங்க விடுதல் பயன் தரும். கைப்பேசியில் அவர் குரலையும், அவர் இசைவு பெற்று, பதிவு செய்க. பெண்டிரிடம் கேட்க மறவற்க. ஆலை வாயிலுக்குச் சோறு சுமந்து சென்றவர்களும், சீட்டுப் பிடித்துக் குடும்பம் நடத்தியவர்களும் அவர்களே.

நான்கு, எழுதுதல். படத்தின்மீது எழுதற்க, பந்துமுனைப் பேனாவால் பின்புறமும் எழுதற்க. படத்திற்கு எண்ணிட்டுத் தனித்தாளில் வரிசை, இடம், பெயர், ஊர், பணிப்பகுதி, கூறியவர், கூறிய நாள் ஆகியவற்றை எழுதுக. இருவர் வெவ்வேறு பெயர் கூறின் இரண்டையும் எழுதுக. பாடவேறுபாடு காட்டாத பதிப்பு நற்பதிப்பாகாது.

ஐந்து, மதித்தல். குடும்பத்தார் ஒப்புதலின்றிப் பிறர் படத்தை, அதிலும் மகளிர் படத்தை, வெளியிடுதல் அறமன்று. காத்தல் வேறு, காட்டுதல் வேறு. காட்ட விரும்பாத குடும்பமும் காக்கலாம்.

முடிவுரை

புதுவையின் ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. அவற்றின் வரலாற்றை எழுதுவோர்க்கு அரசாணைகளும் வழக்கேடுகளும் செய்தித்தாள்களும் கிடைக்கும். 1936இல் வீழ்ந்த பன்னிருவரின் நினைவு ஆண்டுதோறும் ஜூலை 30இல் போற்றப்படுகின்றது. ஆயின் நாள்தோறும் சங்கொலிக்கு எழுந்து, தறியில் நின்று, கூலி பெற்று, பிள்ளைகளைப் படிக்கவைத்த ஆயிரக்கணக்கானோர் ஒளிப்படங்களில் மட்டுமே எஞ்சியுள்ளனர். அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர். ஒளிப்படம் என்பது மூலம். அதற்குக் கொளு எழுதுவோர் முதியோர். அதனைப் பதிப்பித்துக் காப்போர் மாணவர். இம்மூன்றும் கூடினாலன்றி எளியோர் வரலாறு எழுதப்படாது.

எம் இல்லத்துக் குழுப்படத்தின் படி ஒன்றையும், இதுவரை கிடைத்த 16 பெயர்களின் பட்டியலையும் தமிழ்த்துறை அறையில் வைத்துள்ளோம். இம்மலரைப் படிக்கும் பெரியோருள் ஆலையில் பணியாற்றியோர், அல்லது அத்தகையோரின் மக்கள், எவரேனும் இருப்பின், ஒருமுறை வந்து பார்த்தருள வேண்டுகின்றோம். பின்வரிசையில் இடப்புறமிருந்து மூன்றாவதாக நிற்கும் இளைஞர் தம் சட்டைப்பையில் ஏதோ ஒரு தாளை மடித்து வைத்துள்ளார். அவர் பெயர் எமக்குத் தெரியாது. தங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.